கொழுந்து மாத்திரை

பலாங்கொடையிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்கு ஏறும் பஸ். எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். கிளினிக் கொப்பியோடு இருந்த இளையவள் பையிலிருந்து ஒரு போத்தலை எடுத்தாள்.

“நாம பறிக்கிற கொழுந்த நமக்கே மாத்திரையாக்கி வித்துட்டாங்கக்கா.”

“எதுக்கு?” என்றாள் ஜன்னலோரத்து மூத்தவள்.

“மாசா மாசம் வலி வருதில்ல, அதுக்கு. கர்ப்பப்பைக்குள்ள இருக்க வேண்டிய சவ்வு வெளியில வளருதாம். போன்ல பார்த்து வெளிநாட்டுலருந்து எடுப்பிச்சேன். பச்சைத் தேயிலைச் சத்தாம்.”

“டொக்டரம்மா என்ன சொன்னாங்க?”

“கேக்காம எதையும் முழுங்காதன்னு ஏசினாங்க. இது கூடினா ஈரலக் கெடுக்குமாம். அவங்க குடுத்த இரும்புச்சத்தும் உடம்புல சரியா சேராதாம். நிப்பாட்டச் சொல்லிட்டாங்க.”

“அப்ப வீசு.”

“எப்படிக்கா வீசுறது? எட்டு வருஷமா வலிக்குதுன்னு சொல்றேன். பொம்பளைன்னா இருக்கிறதுதானேன்னு கங்காணி கொழுந்து பறிக்க மலைக்கு வெரட்டினாரு. கிளினிக்ல எழுதிக் குடுத்த துண்டக் காட்டினேன், திரும்பிக்கூடப் பார்க்கல. போன கெழமை இந்தப் போத்தலப் பார்த்தாரு. வெளிநாட்டு மருந்து குடிக்கிற அளவுக்கு சுகமில்லையான்னு கேட்டு, நெழல்ல உக்காரச் சொன்னாரு.”

மூத்தவள் போத்தலை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு மூடியைத் திறந்து, மாத்திரைகளை வெளியே தேயிலைச் செடிகள்மேல் கொட்டிவிட்டு, வெறும் போத்தலை நீட்டினாள்.

“பத்திரமா வச்சிக்க. நாளைக்கு ஒருநாள் எனக்கு இரவல் தா. மொழங்கால் வலி தாங்கல.”