முடி தெரிகிறது

இலக்கணம் பிசகினால் இமைப்பொழுதும் பொறுக்காத இம்மன்றத்தின் தலைவர் ஐயா அவர்களே! மூட்டுவலியை மூட்டை கட்டி வீட்டில் வைத்துவிட்டு முன்வரிசையை நிறைத்திருக்கும் மூத்தோர்களே! அடுப்பை அணைத்தோமா இல்லையா என்ற ஐயத்தோடே அமர்ந்திருக்கும் அன்னையரே! தேநீர் எப்போது வரும் என்று கதவையே பார்க்கும் தம்பிமார்களே! எல்லோருக்கும் என் வணக்கம்.

எனக்குக் கொடுத்த தலைப்பு ஓர் ஆங்கில வினைச்சொல். மன்னன் தலையில் மகுடம் வைப்பதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது? அழைப்பிதழில் நம் செயலாளர் ‘கொரோனேட்’ என்று அச்சடித்துவிட்டார். தலைவர் ஐயாவுக்கு அன்று போன தூக்கம் இன்னும் திரும்பவில்லை. "கொரோனேஷன்ங்கிற சொல்லோட வாலை நறுக்கி உண்டாக்கினதும்மா அது! கிரவுன்னு அருமையான வினைச்சொல் இருக்கும்போது அது எதுக்கு?" என்று போனில் குமுறினார். செயலாளர் விடுவாரா? "அகராதியிலயே இருக்குங்க!" என்கிறார். நடுவில் மாட்டிக்கொண்டு முழிப்பவள் நான்.

அகராதியில் இருப்பது உண்மைதான். ஆனாலும் பழகிய நாவுக்குக் கிரவுன்தான் பொருந்துகிறது. மகுடமும் கிரவுன், அதைச் சூட்டுவதும் கிரவுன். சூட்ட ஒருவர் வேண்டும், சூடிக்கொள்ள ஒருவர் வேண்டும். ஆனால் சூட்டுபவர் யாரென்றே சொல்லாமல் அந்தச் சொல் நடமாடும் இடம் ஒன்று உண்டு. எங்கே? அரண்மனையிலா? அரசவையிலா? இல்லை ஐயா, பிரசவ அறையில்!

அதோ, மூன்றாம் வரிசையில், தூங்கும் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு இப்போதே தலையைக் குனிந்துகொண்டாரே, அவர்தான் என் கணவர். பல் செட் செய்யும் கூடத்தில் வேலை. உடைந்த பல்லுக்கு உறை செய்வார். அந்த உறைக்கும் பெயர் கிரவுன். எங்கள் வீட்டில் கிரவுன் என்றால் பல்தான், வேறு பொருளே கிடையாது. என்னங்க, நிமிர்ந்து உட்காருங்க, மானத்தை வாங்க மாட்டேன்!

எனக்கு வலி எடுத்தது ஒரு மத்தியானம். நேரம் ஆக ஆகக் குழந்தையின் இதயத்துடிப்பு குறைந்தது. கருவியின் ஒலி தளர்வது என் காதிலேயே விழுந்தது. "முக்கும்மா, விட்டுடாத!" என்கிறார் டாக்டர். என் வாயில் ஒரே சொல். "முடியல. என்னால முடியல." தாய்மார்களே, உங்களுக்குத் தெரியாத வலியா? பிள்ளை பிழைக்காதோ என்ற பயம் வேறு.

அப்போது நர்ஸ் அக்கா, "கிரவுனிங், டாக்டர்!" என்று குரல் கொடுத்தார். எல்லாவற்றுக்கும் மகுடம் வைத்தாற்போல், கதவுக்கு வெளியே இருந்து ஓர் அலறல். "ஐயோ, இப்பப் போயி பல்லு எதுக்குங்க? முதல்ல குழந்தையப் பாருங்க! பல்ல நான் பாத்துக்கிறேன்!"

சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள்! எந்தப் பல் என்று பின்னாலிருந்து கேட்பவர், அதை அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் அந்த அறையில் யாரும் சிரிக்கவில்லை. "முடியலக்கா" என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். அக்கா என் கையை வெடுக்கென்று பிடித்துக் கீழே கொண்டுபோனார்.

"முடியல முடியலங்காத. முடி தெரியுது பாரு. தொட்டுப் பாரு!"

தொட்டேன். ஈரமாக, மெத்தென்று, முடி. என் பிள்ளையின் முடி!

அவையோரே, முடி என்றால் கேசம். முடி என்றால் கிரீடம். முடி என்றால், செய்து தீர் என்னும் ஏவல். மூன்றையும் அந்த அக்கா ஒரே மூச்சில் சொல்லிவிட்டார், அவருக்கே தெரியாமல்! முடியாது என்றவள் முடியைத் தொட்டேன். முடியைத் தொட்டவள் மூச்சைப் பிடித்தேன். மூச்சைப் பிடித்தவள் முடித்தேன்! பிள்ளை முதலில் அழவில்லை. எனக்கு உயிரே போய்விட்டது. பிறகு அழுதாள் பாருங்கள், வெளியே நின்ற இவரும் சேர்ந்து அழுதார்.

என்ன ஐயா கேட்கிறீர்கள்? "அது சரிம்மா, எழுவாய் எங்க? சூட்டினது யாரு?" என்கிறார் தலைவர். நல்ல கேள்வி. நானும் அதைத்தான் தேடினேன். பிள்ளையின் தலை வெளிவரும் கணத்தில் தாயின் உடல் அதைச் சுற்றி வளையமாக நிற்கிறதே, அதற்குத்தான் கிரவுனிங் என்று பெயர். மன்னனுக்குப் பொன்னை உருக்கினார்கள். நமக்கு? மகுடமும் அவள், சூட்டியவளும் அவள்! ஆண்டியானாலும் அரசனானாலும் தலைக்கு முதல் மகுடம் அவள்தானே?

"எனக்கு ஆபரேஷன்மா!" என்கிறார் ஓர் அம்மா. அதனால் என்ன அம்மா? உங்கள் மகுடத்தைத் தழும்பாக நீங்களே வைத்திருக்கிறீர்கள்!

செயலாளர் மணி அடித்துவிட்டார். மணிச்சத்தத்தில் மகளும் விழித்துவிட்டாள். தலையெல்லாம் கலைந்து கிடக்கிறது. அவள் அப்பா விரலாலேயே கோதிவிடுகிறார். பார்த்தீர்களா, முடி தெரிகிறது! நானும் முடிக்கிறேன்.

முடி சூடி வந்த அனைவருக்கும், முடியாகவே நின்ற அன்னையருக்கும் என் நன்றி. வணக்கம்.