தோற்றால் அவர் பேசமாட்டார்

காற்றடிக்கிற நாட்களில் எங்கள் குளியலறைக் கதவு தானாகத் திறந்து மூடிக்கொண்டே இருக்கும். அந்தச் சத்தத்தில் தூங்க முடியவில்லை என்று வெளிப்பக்கம் ஒரு தாழ்ப்பாள் போடச் சொன்னவள் என் மனைவி. சின்னத் தாழ்ப்பாள்தான். அவள் செத்துப்போன பிறகு வீட்டில் பல சாமான்கள் பழுதாகிவிட்டன; அது மட்டும் அப்படியே இருக்கிறது. நீங்கள் கதவைப் பற்றி முதலில் கேட்டதால் சொல்கிறேன், ஐயா.

நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறேன். கண்ணாடியைச் சட்டத்துக்கு ஏற்றபடி தீட்டிப் பொருத்தி, காதில் உறுத்தாமல் வளைத்துக் கொடுக்க வேண்டும். கிரிக்கெட்டில் நம் அணி தோற்ற மறுநாள் கடையில் கூட்டம் அதிகம். சுவரில் வீசியது, காலில் மிதித்தது, டிவியைக் குத்தப் போய்க் கீழே விழுந்தது என்று விதவிதமாக உடைந்து வரும். யாரும் உண்மையைச் சொல்லமாட்டார்கள். "தூக்கத்துல அது மேலயே படுத்துட்டேங்க" என்பார்கள். நானும் துருவிக் கேட்பதில்லை. நொந்துபோய் வருகிறவர்களிடம் முகம் சுளிக்காமல் சட்டத்தை நிமிர்த்திக் கொடுப்பேன். கடவுள் நமக்குக் கை கொடுத்திருப்பது இந்த மாதிரிச் சின்ன உபகாரங்களுக்குத்தான் என்று நம்புகிறவன் நான். அதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டியதில்லை.

நீங்கள் கேட்கிறவர் என் மனைவியின் தம்பி. பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். எனக்கு அவர் மாப்ள, அவருக்கு நான் மச்சான். அக்கா இல்லாத வீட்டில் அவருக்கு என்ன வேலை? ஆனால் அவர் வீட்டில் டிவியைச் சத்தமாக வைக்க விடமாட்டார்கள். அதனால் மேட்ச் என்றால் இங்கே வந்துவிடுவார். மேட்ச் இல்லாத நாளில் என் வீட்டு மணியை யாரும் அடிப்பதில்லை. மணி வேலை செய்கிறதா என்று நானே வெளியே போய் அழுத்திப் பார்த்ததுண்டு.

ஜெயித்தால் மாப்ள வேறு ஆள். இருந்து சாப்பிடுவார். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த ஆட்டத்தை எனக்கே முதலிலிருந்து சொல்லுவார். பிறகு பேச்சு மெதுவாக அக்காவிடம் போகும். சின்ன வயதில் அவள் போட்ட பந்தில் பக்கத்து வீட்டு ஜன்னல் உடைந்தது, அவள் கண்கூடச் சிமிட்டாமல் பழியைத் தம்பி தலையில் போட்டது, இவர் அடி வாங்கும்போது கதவுக்குப் பின்னால் நின்று அவள் அழுதது. எத்தனை முறை கேட்டாலும் எனக்குச் சலித்ததில்லை. அவளைப் பற்றிப் பேச எனக்கு இந்த உலகத்தில் வேறு ஆள் கிடையாது.

தோற்றால் ஒரு வார்த்தை பேசமாட்டார். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாலும் பதில் வராது. செருப்பை மாட்டிக்கொண்டு போய்விடுவார். அப்புறம் வாரக்கணக்கில் போனையும் எடுக்கமாட்டார். தொடர்ந்து தோற்ற ஒரு வருடத்தில், மழைக்காலம் முழுக்க நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பந்தைக்கூடச் சரியாகப் பிடிக்கத் தெரியாத எனக்கு இந்த ஆட்டத்தில் அப்படி என்ன அக்கறை என்று கேட்டீர்கள். இதுதான்.

ஜோடி நின்று ஆடும்போது உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருக்கக் கூடாது. கால் மரத்துப்போனாலும் மாற்றிப் போடக் கூடாது. நீங்களும் மேட்ச் பார்க்கிறவர் என்றால் இதை விளக்க வேண்டியதில்லை. போன வருட அரையிறுதியில் விக்கெட்டுகள் சரிந்துகொண்டிருந்தபோது மாப்ள குளியலறைக்குப் போனார். அவர் உள்ளே போனதும் அடி விழ ஆரம்பித்தது. "வெளிய வந்துராதீங்க மாப்ள" என்றேன். வாளியைக் கவிழ்த்துப்போட்டு, கடைசிப் பந்துவரை அதன்மேல் உட்கார்ந்திருந்தார். ஜெயித்தோம். "மெடல் அவனுங்களுக்கு, வாளி எனக்கா?" என்று தெருவெல்லாம் சொல்லித் திரிந்தார். வேனில் வருகிற பிள்ளைகள் அவருக்கு வாளி மாமா என்றே பேர் வைத்துவிட்டார்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை இறுதி ஆட்டம். இருவருக்கும் சேர்த்துச் சமைத்து மூடி வைத்திருந்தேன். மாப்ள வந்ததும் புழுக்கமாக இருக்கிறதென்று சட்டையைக் கழற்றி நாற்காலியில் மாட்டினார். நெஞ்சுக்கான மாத்திரை எப்போதும் அதன் பையில்தான் இருக்கும். நெஞ்சுவலியில் ஆஸ்பத்திரியில் கிடந்து திரும்பிய நாளிலிருந்து அப்படி.

நம் ஆட்கள் பாதிப் பேர் அவுட்டாகித் திரும்பியதும் நான் அவரைப் பார்த்தேன்.

"என்ன பார்வை? புரியுது, புரியுது" என்று சிரித்தபடி எழுந்து உள்ளே போனார். அவராகத்தான் போனார். தாழ்ப்பாளைப் போட்டது நான்.

"என்ன மச்சான், என் மேல நம்பிக்கை இல்லியா?"

"உங்க மேல இருக்கு மாப்ள. உங்க காலு மேலதான் இல்ல."

இரண்டு பேருமே சிரித்தோம். உள்ளே வாளி உருளும் சத்தம் கேட்டது. அடுத்த பந்தே எல்லைக்கோட்டைத் தாண்டியது.

அதன்பிறகு கட்டடமே கத்திக்கொண்டிருந்தது. மேல் வீட்டில் குதித்தார்கள். எதிர் மாடியில் தட்டைத் தட்டினார்கள். அந்த இரைச்சலுக்கு நடுவே அவர் கூப்பிட்டது கேட்டிருக்காது என்று நான் சொல்லியிருக்கலாம். கேட்டது. முதலில் காற்றே வரவில்லை என்றார். கொஞ்ச நேரம்தான் என்றேன். பிறகு, "மச்சான், நெஞ்சு ஒரு மாதிரியா இருக்கு. விளையாடல. சட்டைப் பையில மாத்திரை இருக்கு பாருங்க" என்றார்.

உடனே எடுத்தேன். கதவருகே போய்த் தாழ்ப்பாளைப் பாதி இழுத்தேன். அந்த நொடியில்தான் விக்கெட் விழுந்தது. வீட்டுக்கு வீடு ஓலம். தாழ்ப்பாளை மறுபடி தள்ளிவிட்டேன். யோசித்துச் செய்ததில்லை. அந்த இடத்தில் யாராக இருந்தாலும் கை அதைத்தான் செய்திருக்கும்.

"பாத்தீங்களா மாப்ள, தொறக்கப் போனதும் போச்சு. கொஞ்சம் பொறுத்துக்குங்க."

அதன்பிறகு அவர் என்னைக் கூப்பிடவில்லை. "அக்கா" என்றார். "அக்கா, கதவத் தொற அக்கா." அவர் அவளை அப்படிக் கூப்பிட்டு எவ்வளவோ காலமாகிவிட்டது. அந்த வீட்டில் அந்தச் சொல்லைக் கேட்க எனக்கு நன்றாகத்தான் இருந்தது.

கதவுக்கு அடியில் மாத்திரை நுழைகிற அளவுக்கு இடைவெளி இருப்பதை உங்கள் ஆள் குனிந்து காட்டினார். அப்போது எனக்கு அது தோன்றவில்லை. மாத்திரை அட்டையை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தேன். அணிக்காக மட்டுமல்ல. அவருக்காகவும் சேர்த்துத்தான் வேண்டிக்கொண்டேன்.

தோற்றோம்.

தோற்றதும் ஊர் எப்படி ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். மேல் வீட்டில் ஏதோ விழுந்து நொறுங்கியது. எதிர் மாடியில் ஒருவர் கொடியை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். படிக்கட்டில் தலை நரைத்த ஒரு பெரியவர் உட்கார்ந்து துண்டில் முகத்தைப் புதைத்து அழுதார். பிறகு ஒவ்வொரு வீடாக டிவி அணைந்து, தெருவில் சத்தமே இல்லாமல் போனது.

கதவருகே போய், "மாப்ள" என்றேன். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டேன். தோற்றால் அவர் பேசமாட்டார் என்பது எனக்குத் தெரியாததா? வெளியே வந்தால் நேராகச் செருப்பைத்தான் தேடுவார். உள்ளே இருக்கிறவரை போகமாட்டார் அல்லவா? தாழ்ப்பாளை அப்படியே விட்டேன். இரண்டு தட்டிலும் சாப்பாடு போட்டு ஒன்றைக் கதவுப் பக்கம் வைத்துவிட்டு, கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து, ஜன்னல் உடைந்த கதையை இந்த முறை நான் அவருக்குச் சொன்னேன்.

கீழ் வீட்டுத் தையல்கார அம்மா வந்தபோது கதை முடியவில்லை. அவருக்குக் கிரிக்கெட் தெரியாது. கையில் மூடிய பாத்திரம் இருந்தது.

"தோத்துட்டாங்களாமே. தெருவே எழவு வீடு மாதிரி கெடக்கு. நீங்களும் தம்பியும் சாப்பிடாம உக்காந்திருப்பீங்கன்னு கொண்டாந்தேன். அவரு எங்க?"

"உள்ள இருக்காரு. கோவம்."

அவர் கதவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "உள்ள இருக்கறவருக்குக் கோவம்னா, வெளிய எதுக்கய்யா தாழ்ப்பா?"

பாத்திரத்தைத் தரையில் வைத்துவிட்டு, என்னைத் தாண்டிக் கையை நீட்டி, ஒரே விரலால் நீக்கினார். அவ்வளவு லேசான தாழ்ப்பாள் அது. மாப்ள வாளியோடு சரிந்து, கதவிலேயே சாய்ந்துகொண்டிருந்தார். இத்தனை நேரமும் நாங்கள் இருவரும் முதுகோடு முதுகாகத்தான் உட்கார்ந்திருந்தோம்.

இன்று எனக்கு இங்கே ஸ்டேஷனுக்கு வந்த சாப்பாடும் அந்த அம்மா கொடுத்தனுப்பியதுதான் என்றீர்கள். நல்ல மனசு. பழக்கதோஷத்தில் இரண்டு பேருக்குக் கட்டிவிட்டார் போலிருக்கிறது.

தாழ்ப்பாளைப் போட்டவன் நான். மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு திறக்காமல் நின்றவனும் நான். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள், போடுகிறேன். ஆனால் ஒன்றை மட்டும் விட்டுவிடாமல் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. கொஞ்ச ரன்னில்தான் தோற்றோம். ஜெயித்திருந்தால், கூப்பிட்டதும் அவர் பதில் சொல்லியிருப்பார்.