ஆபீஸ் வாசலில் பத்தொன்பது புள்ளிகள்

— சுத்தி வளைக்காத தம்பி. காலையிலேருந்து ரெண்டு போட் சும்மா நிக்குது. கிழக்குப் பக்கம் கழுத்தளவு தண்ணி. அங்கேருந்து ஏன் ஒருத்தர்கூட உதவி கேக்கல?

— கேட்டிருக்காங்கக்கா. ஒருத்தர் உதவி கேட்டா மேப்புல ஒரு புள்ளி விழும்ல, அது தப்பான இடத்துல விழுந்திருக்கு.

— எங்க?

— நம்ம கன்ட்ரோல் ரூம் வாசல்ல.

— நீ செஞ்ச மேப்புதானே அது?

— அதாவதுக்கா, முழுசா நான் எழுதல. லைப்ரரின்னு ஒன்னு இருக்கு. தேடுற பெட்டி, புள்ளி, பெரிசாக்குற பட்டன், எல்லாம் ரெடிமேடா கிடைக்கும். எடுத்துக் கோத்தா மேப் ரெடி.

— கோத்தது யாரு?

— நான்தான்.

— ம். அப்புறம்?

— அதாவது, எழுதுன விலாசம் கிடைக்கலன்னா புள்ளியை என்ன பண்ணணும்னு நான் சொல்லணும். சொல்லல. அது பாட்டுக்கு மேப்போட நடுவுல வச்சிடுச்சு. நடுவுன்னு நான் குடுத்தது இந்த ஆபீஸை. கிழக்குல தெருவுக்கே பேரு கிடையாதுக்கா, வெறும் அடையாளம்தான் எழுதியிருக்காங்க.

— வாசல்ல விழுறதெல்லாம் நான் டெஸ்டுக்குப் போடுற புள்ளி, பார்த்தா அழிச்சிடுங்கன்னு நீதானே சொன்ன?

— ஆமாக்கா.

— அழிச்சேனே. டீ குடிச்சிக்கிட்டே அழிச்சேன். இன்னைக்குமா இந்த ஆளுக்கு விளையாட்டுன்னு திட்டிக்கிட்டே. ஒன்னையாவது தொட்டு, உள்ள என்ன எழுதியிருக்குன்னு பார்த்தேனா, பாவி.

— பத்தொம்பதுக்கா. நகல் சர்வர்ல இருக்கு. நான் படிக்கிறேன், நீங்க வயர்லெஸ்ல போட்காரங்களுக்குச் சொல்லுங்க.

— இரு, வயர்லெஸ்ஸை எடுத்துக்கிறேன். உன் வீட்ல?

— மாடியில இருக்காங்க. உங்க பொண்ணு?

— ஸ்கூல்ல இருப்பா, அது மேடு. போன்தான் எடுக்க மாட்டேங்குறா. சார்ஜ் போயிருக்கும். விடு, படி.

— ‘ஆத்தோரம் மஞ்சள் வீடு, மொட்டை மாடி, மூணு பேர்.’

— சொல்லியாச்சு. அடுத்தது.

— ‘ரேஷன் கடைக்குப் பின்னாடி. அப்பாவால நடக்க முடியாது.’

— ம். நிறுத்தாத.

...

— பதினெட்டு ஆச்சு. இன்னும் ஒன்னுதானே?

— ‘பாலத்துக்குக் கீழ, ஸ்கூல் பஸ்ஸுக்குள்ள. தண்ணி ஜன்னலுக்கு வந்துடுச்சு.’ ஒம்பதே காலுக்கு வந்திருக்கு. இப்ப மணி ரெண்டுக்கா.

— நம்பர் சொல்லு, கூப்பிட்டுப் பாக்கலாம்.

— கடைசி நாலு நம்பர்... நாலு, ஏழு...

— மூணு, மூணு.

— உங்களுக்கு எப்படிக்கா...

— பொண்ணுக்கு நான் வாங்கிக் குடுத்த நம்பர் தம்பி. ஒம்பதே காலுக்கு வந்ததை நானே அழிச்சிருக்கேன்.