வான்கோழி தப்பிய ஞாயிறு

ரொக்ஸ்பரோ போகும் ரயிலில் ஞாயிறு பின்னேரம் எனக்கு முன்னால் இருவர் இருந்தார்கள். இளையவரின் சப்பாத்தில் காய்ந்த சேறு.

"வான்கோழிக்கு ஒண்டும் நடக்கேல்லை, அண்ணை. கோயிலிலை தேங்காய் உடைக்கோணும்" என்றார் அவர்.

மூத்தவர் திரும்பிப் பார்த்தார். "வேட்டைக்குப் போன ஆள் கதைக்கிற கதையோ இது?"

"கடை முதலாளி விடாமல் கூப்பிட்டார், மாட்டன் எண்டு சொல்ல ஏலாமப் போச்சு. சுகிக்கு ஏழு மாசம். மனுசி வயித்திலை பிள்ளையோடை இருக்கேக்கை புருசன் உயிர் கொல்லக் கூடாதெண்டு மாமி படிச்சுப் படிச்சுச் சொன்னவ."

"அப்ப வேணுமெண்டே குறி மாறிச் சுட்டனீரோ?"

"அதுதானே இல்லை. அது செட்டையை விரிச்சுக்கொண்டு கிட்ட வர, எனக்கு எல்லாம் மறந்துபோச்சு. நல்லாக் குறி பாத்துத்தான் சுட்டனான். வெடிச்சாப் பிறகுதான் சுகியின்ரை ஞாபகம் வந்தது. கண்ணை இறுக்கி மூடிட்டன். திறந்து பாத்தா, அது பத்தைக்குள்ளை ஓடுது. முதலாளி தன்ரை தலையிலை கையை வைச்சார். நான் சிரிச்சன்."

"நீர் வேலை செய்யிற கடையிலை நாள் முழுக்கக் கோழி வெட்டுறீர்?"

"அது செத்து வாற கோழி, அண்ணை. அது வேறை."

ரயில் சுரங்கத்தை விட்டு வெளியே வந்ததும் இளையவருடைய கைத்தொலைபேசி அடித்தது.

"ஓம், சுகி. இல்லை, வெடி படேல்லை. மாமியிட்டையும் சொல்லும்."

மூத்தவர் தொலைபேசியைப் பறித்தார்.

"தங்கச்சி, இவருக்குச் சுடவே தெரியாது. பயப்பிடாமல் வேட்டைக்கு அனுப்பும்!"

இளையவர் தொலைபேசிப் பக்கம் குனிந்து, "ஓம், ஓம்" என்றார்.