அடிப்பக்கம் துடைத்தவன்

ஐயா, எனக்குக் காது குடையும் பழக்கம் கிடையாது. ஆனால் என் உத்தியோகம் முழுக்கக் காது குடையும் குச்சியோடுதான் ஓடியது. இவ்வளவு படித்தது இதற்குத்தானா என்று என் மனைவி வந்தவர் போனவரிடமெல்லாம் கேட்பாள்.

வேலை சுலபம். விரல் நுழையாத சின்ன பிளாஸ்டிக் கிண்ணம். அதன் அடி மெல்லிய சவ்வு. சவ்வெல்லாம் கண்ணுக்குத் தெரியாத துளைகள். கிண்ணத்துக்குள் புற்றுநோய்ச் செல்களை விடுவோம். கீழே அவற்றுக்குத் தீனி. பொல்லாத செல்கள் துளைக்குள் உடம்பை நுழைத்து, சவ்வின் அடிப்பக்கம் போய் ஒட்டிக்கொள்ளும். மறுநாள் மேல்பக்கம் தங்கிவிட்ட சோம்பேறிகளைப் பஞ்சுக் குச்சியால் துடைத்துவிட்டு, அடிப்பக்கத்துக்கு ஊதாச் சாயம் ஏற்றிப் பார்ப்போம். மருந்து போட்ட கிண்ணத்தில் ஊதாப் புள்ளி குறைந்தால், நோய் பரவாமல் மருந்து தடுக்கிறது என்று அர்த்தம்.

நான் கண்டுபிடித்த மருந்தைச் சோதித்த அன்று, ஆராய்ச்சி நிலையத் தலைவரோடு ஊர்வம்பு பேசியபடியே, மருந்துக் கிண்ணங்களில் மேல்பக்கத்தோடு அடிப்பக்கத்தையும் சேர்த்துத் துடைத்துவிட்டேன். முட்டாள்தனத்திலும் அரைகுறை வேலை எனக்குப் பிடிக்காது.

தலைவர் எட்டிப் பார்த்தார். “யோவ், ஒண்ணுகூடத் தாண்டலய்யா! பெரிய ஆளுய்யா நீ!” என்று கட்டிப்பிடித்துக்கொண்டார். அதற்கு முன் என்னை யாரும் அப்படிக் கட்டிப்பிடித்ததில்லை, மனைவி உட்பட. கட்டிப்பிடித்தவரிடம் போய்த் தப்பாகத் துடைத்துவிட்டேன் என்பது மரியாதையாகப் படவில்லை. அடுத்தடுத்த சோதனைகளிலும் அந்த மரியாதைக்காகவே அடிப்பக்கத்தைத் துடைத்தேன்.

மருந்து மாத்திரையாகி, அடுத்த சோதனைக்கு நோயாளிகளிடம் போனது. அவர்களில் என் மனைவியின் தம்பியும் ஒருவன். மற்றவர்களைப் பற்றிச் சொல்வதற்கில்லை. அவர்கள் எனக்குச் சொந்தமில்லை.

“அத்தான், குச்சியாலயே கேன்சரை விரட்டுற ஆளு நீங்க இருக்கீங்க. ஆஸ்பத்திரி ஊசி எனக்கெதுக்கு? நிறுத்திடுங்கன்னு சொல்லிட்டேன்,” என்றான்.

மனைவி என் முகத்தைப் பார்த்தாள். “ஏங்க, ஊசிய விட்டுட்டு இதை நம்பலாமா?”

உண்மை தொண்டைவரை வந்தது. ஆனால் பாராட்டு விழாவுக்குக் கோட்டு தைக்கக் கொடுத்திருந்தேன். துணியை வெட்டியும் விட்டார்கள்.

“தாராளமா,” என்றேன்.

செல்கள் அவனுடைய எலும்புக்கும் ஈரலுக்கும் குடிபோயின. அங்கெல்லாம் என் குச்சி எட்டவில்லை.

கடைசியில் ஒருநாள், “நான்தான் மாத்திரைய ஏதோ தப்பாச் சாப்பிடுறேன் போல, அத்தான். உங்க பேரு கெட்டுறப் போவுது,” என்றான்.

“இருக்கும்டா,” என்றேன். போகிற நேரத்தில் அவனோடு என்ன வாதம்?

அவன் போன பிறகு, வேளை தவறிச் சாப்பிட்டவன் என்று ஆராய்ச்சி நிலையத்தில் சொல்லி, சோதனை முடிவிலிருந்து அவனையும் துடைத்தேன். உங்கள் மேஜையில் என் மனைவி புகாரோடு கொட்டிவிட்டுப் போன காலி மாத்திரை அட்டைகளைப் பார்க்கிறேன். ஒரு மாத்திரைகூட மிச்சமில்லை.

ஆமாம் ஐயா, எல்லாம் தெரிந்தேதான் செய்தேன். ஒன்றை மட்டும் மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள். மருந்துக்குக் கெட்ட பேர் வாங்கித் தந்துவிட்டானே என்று அவன்மேல் எனக்குச் சின்ன வருத்தம் இருந்தது. அடக்கம் முடிந்த அன்றே அவனை மன்னித்துவிட்டேன்.