முற்றத்தில் ஒரு வட்டப் பெஞ்சு

புங்க மரத்துக்கு நேர் கீழே பெஞ்சு போடக் கூடாது சார். பூ உதிர்கிற மாதத்தில் யாராலும் உட்கார முடியாது, காக்கை வேறு எச்சம் போடும். நாலடி தள்ளித்தான் போட வேண்டும். பத்து வருடம் தோட்டச் சூப்பர்வைசராக இருந்த தங்கராஜ் சொன்னான் என்று அதையும் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

அருள்புரத்தில் எங்கள் பல்கலைக்கழகத்தின் ஜவுளித்துறைக் கட்டடத்துக்குள்ளே அந்த முற்றம் இருக்கிறது. ஒரு டிராக்டர் நுழைகிற சந்து ஒன்றைத் தவிர நாலு பக்கமும் சுவர். முள்ளும் குப்பையுமாகக் கிடந்ததை, பிள்ளைகள் வந்து இளைப்பாறுகிற பூங்காவாக மாற்றித் தரச் சொன்னார்கள். 2004, தை மாதம். வெள்ளிக்கிழமை திறப்பு விழா. நடுவில், புங்க மரத்துக்கு நாலடி தள்ளி இருந்த பாழுங்கிணற்றிலிருந்து பழைய மோட்டாரை எடுத்துவிட்டு, மண்ணைக் கொட்டி மூடி, மேலே வட்டப் பெஞ்சு கட்டுவது என் யோசனை.

மோட்டாரை எடுக்க வேலம்பாளையத்திலிருந்து தவசியை வரவழைத்தேன். உசிலம்பட்டிப் பக்கத்து ஆள், நல்ல வேலைக்காரர். சாயத்தண்ணி இறங்கி நாறிய கிணறு அது. எட்டிப் பார்த்துவிட்டு, "வெளக்க எறக்கிப் பாப்பம் சார். அணைஞ்சா உள்ள மூச்சு விட முடியாது," என்றார்.

"காலைல நானே எறக்கிப் பாத்துட்டனுங்க தவசி. நின்னு எரிஞ்சுது," என்றேன்.

இறக்கிப் பார்த்தது உண்மைதான். பாதியிலேயே பொசுக்கென்று அணைந்துவிட்டது. காற்றடித்து அணைந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். விழாவுக்கு இரண்டே நாள்தான் இருந்தது.

அவர் இறங்கிக் கொஞ்ச நேரத்தில் பேச்சு நின்றுபோனது. அவர் இடுப்பில் கட்டியிருந்த கயிற்றை இழுத்தேன், என் ஒருவனால் முடியவில்லை. ஆட்களைக் கூப்பிட்டால் முதலில் விளக்கைப் பற்றித்தான் கேட்பார்கள். அந்தப் பயத்தில் யாரையும் கூப்பிடவில்லை. மேலே கட்டியிருந்த கயிற்று முனையை அவிழ்த்து உள்ளே போட்டுவிட்டேன். மண் டிராக்டர் அப்போதுதான் சந்துக்குள் வந்தது. இன்ஜின் இரைச்சலில் டிரைவருக்கு எதுவும் கேட்டிருக்காது, அவர்மேல் தப்பு இல்லை.

சாயங்காலம் அவர் சம்சாரம் சீனியம்மாள் தேடி வந்தது. "மத்தியானமே கெளம்பிப் போயிட்டாருங்களேம்மா," என்றேன். பிற்பாடு மனது கேட்காமல் அந்தம்மாவுக்கு அங்கேயே கூட்டுகிற வேலை வாங்கிக் கொடுத்தேன். ஐந்து வருடமாக அந்தம்மா மத்தியானச் சோறு தின்றது அந்தப் பெஞ்சில்தான். நல்ல நிழல் என்று சொல்லும். "ஒங்ககிட்டயாச்சும் ஏதாவது சொல்லிட்டுப் போனாகளா சார்?" என்று வாரத்துக்கு ஒரு முறையாவது கேட்கும். டிபன் பாக்ஸ் திறக்கிற சத்தம் கேட்டாலே நான் வெளியே போய்விடுவேன்.

போன வாரம் செயற்கை நீரூற்று வைக்கப் பெஞ்சை உடைத்துத் தோண்டியபோது நானும் பக்கத்தில்தான் நின்றேன். எலும்பும் கயிறும் வெளியே வந்தபோதும் ஓடவில்லை. ஓடுகிற அளவுக்கு நான் கெட்டவன் இல்லை.

சீனியம்மாளிடம் தவசி மயக்கத்திலேயே போய்விட்டார், எதுவும் தெரிந்திருக்காது என்று சொல்லிவிடுங்கள். முதல் லோடு கொட்டும்போது நானும் அப்படித்தான் நம்பினேன். டிராக்டர் அடுத்த லோடுக்குப் போயிருந்தபோது, உள்ளே இருமல் கேட்டது. "தங்கராஜ் சார், ஆளு இருக்கேன்," என்று கூப்பிட்டார். திரும்பவும் கூப்பிட்டார். டிராக்டர் வருகிறவரைக்கும் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். டிரைவருக்குக் கை காட்டிக் கொட்டச் சொன்னது நான்தான்.