அதே போன்றது

வெந்நீரில் குளிப்பது உடம்புக்கு நல்லது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து எதுவும் இல்லை. நானே தினமும் காலையில் இருபது நிமிடம் குளிப்பேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யாருக்கும் வெந்நீர் கிடைத்துவிடக் கூடாது என்று கங்கணம் கட்டிக்கொண்டவள் என நீங்கள் விசாரணை அறிக்கையில் எழுதிவிடக் கூடாது அல்லவா.

என் பெயர் ஆர்லீன் கோவாக். பைன் ஃபோர்க் நகராட்சியின் கட்டட அனுமதிக் கவுண்டரில் இருபத்திரண்டு வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். எங்கள் ஊரில் வீட்டு வாட்டர் ஹீட்டரை மாற்றுவதற்குப் பர்மிட் வேண்டும். யாரும் வாங்குவதில்லை. மச்சானைக் கூப்பிட்டு, ஞாயிற்றுக்கிழமை ஆளுக்கு இரண்டு பீரோடு வேலையை முடித்துவிடுவார்கள். நானும் கண்டுகொள்வதில்லை.

போன அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை வெண்டல் ஹாஸ்கின்ஸ் வந்தார். பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி இறந்து நான்கு வருடம். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "மேடம், ஹீட்டர் ஒழுகிப்போச்சு. புதுசு வாங்கி கராஜ்ல வெச்சிருக்கேன். பர்மிட் இல்லாம அதைத் தொட மாட்டேன்" என்றார். இருபத்திரண்டு வருடத்தில் தானாக வந்து கேட்ட மூன்றாவது ஆள்.

படிவத்தில் 'அதே போன்றது' என்று ஒரு கட்டம் உண்டு. பழைய ஹீட்டரும் புதியதும் ஒரே வகை என்றால் அதில் டிக் செய்ய வேண்டும். ஐந்து நிமிடத்தில் பர்மிட். அவர் டிக் செய்தார். நான் முத்திரையை எடுத்தேன். அதற்குள் அவர், ஒரு சிறுமி ஆட்டுக்குட்டியைப் பைக்குள் ஒளித்துப் பேருந்தில் ஏற்றிய கதையை ஆரம்பித்துவிட்டார். நன்றாகச் சொன்னார். பர்மிட்டைக் கையில் கொடுத்தால் கதையைப் பாதியில் விட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார் என்று தோன்றியது. அதனால் ஹீட்டரின் உயரத்தைக் கேட்டேன்.

புதியது இரண்டு அங்குலம் கூடுதல். இப்போது வருவதெல்லாம் அப்படித்தான், பழைய உயரத்தில் யாரும் செய்வதில்லை. ஆனாலும் இரண்டு அங்குலம் கூடினால் அது 'அதே போன்றது' ஆகாது. மொழி என்று ஒன்று இருக்கிறது.

"ரெண்டு இஞ்ச்சா?" என்றார் வெண்டல். "கல்யாணத்தப்போ இருந்ததைவிட நானே ரெண்டு இஞ்ச் குள்ளமாயிட்டேன் மேடம். என் பொண்டாட்டி கடைசிவரைக்கும் பர்மிட் கேக்கலையே."

நான் சிரித்துவிட்டேன். அந்தக் கவுண்டரில் நான் சிரித்து எத்தனை வருடம் ஆகிறது என்று எனக்கே தெரியாது. அடுத்த செவ்வாய்க்கிழமை வரைபடத்தோடு வரச் சொன்னேன். வீட்டுக்காரர்களுக்குக் கவுண்டர் செவ்வாய்க்கிழமை மட்டும்தான்.

வரைபடம் கொண்டுவந்தார். பென்சிலில் இருந்தது, மையில் வேண்டும் என்றேன். மையில் கொண்டுவந்தார். நிலநடுக்கத்துக்கு ஹீட்டரைச் சுவரோடு கட்டும் பட்டையைக் காட்டவில்லை என்றேன். காட்டினார். கீழ்ப்பட்டை எங்கே என்றேன். அவர் முகம் சுளித்ததே இல்லை. ஒரு தடவை வீட்டில் காய்த்த சீமைப் பனிச்சைப் பழம் ஒரு பை கொண்டுவந்தார். நவம்பரில் மேடம் போய் ஆர்லீன் ஆனேன். செவ்வாய்க்கிழமைக்கென்று ஒரு நீலச் சட்டை வாங்கினேன்.

டிசம்பரில் பனி விழுந்தது. வெண்டல் அடுப்பில் தண்ணீர் காய்ச்சிக் குளியலறைக்குச் சுமந்துகொண்டிருந்தார். எங்கள் அலுவலகக் கட்டட இன்ஸ்பெக்டர் டெல்மர் ஒருநாள், "அந்த ஹாஸ்கின்ஸ் பெரியவர் கேஸ் என்னாச்சு?" என்று கேட்டான். அவர் விண்ணப்பத்தை வாபஸ் வாங்கிவிட்டதாகச் சொன்னேன்.

ஜனவரியில் பானை கைநழுவிக் கொதிநீர் பாதத்தில் கொட்டிவிட்டது. கட்டுப் போட்டுக்கொண்டு நொண்டி நொண்டி வந்தார். உடனே உள்ளே போய் அவருக்கு ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டேன். உட்கார்ந்த பிறகு வழக்கத்தைவிட அரைமணி நேரம் கூடுதலாக இருந்தார். நாற்காலியை முன்பே போட்டிருக்கலாமே என்று நினைத்தேன்.

பிப்ரவரியில் மூன்று செவ்வாய்க்கிழமை அவர் வரவில்லை. நான்காவது செவ்வாய் வந்தார், பளபளவென்று, சோப்பு மணத்தோடு. கூடவே பக்கத்து வீட்டு இவோன் டாபர்ட். நொண்டிக்கொண்டு பானை தூக்குவதைப் பார்க்கச் சகிக்காமல், தன் வீட்டில் வந்து குளிக்கச் சொல்லியிருக்கிறாள்.

"குளிக்கத்தான் வந்தாரு" என்றாள் இவோன். "அப்புறம் சாப்பாட்டுக்கு இருந்தாரு. இப்போ கல்யாணத்துல வந்து நிக்குது."

"எல்லாம் உங்க புண்ணியம் ஆர்லீன்" என்றார் வெண்டல். "அன்னிக்கே பர்மிட் குடுத்திருந்தீங்கன்னா, நான் பாட்டுக்கு என் வீட்டுல குளிச்சிட்டு இருந்திருப்பேன்."

வாழ்த்துச் சொன்னேன். நீலச் சட்டைதான் போட்டிருந்தேன்.

நீங்கள் கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். அவருடைய பர்மிட்டில் முத்திரை முதல் நாளே விழுந்துவிட்டது. ஆட்டுக்குட்டிக் கதை முடிவதற்குள். இத்தனை மாதமும் அது என் கீழ் டிராயரில், மதியச் சாப்பாட்டு டப்பாவுக்கு அடியில் இருந்தது.

இவோன் வீட்டு ஹீட்டர்மேல் வந்த புகாரும் நான் போட்டதுதான். பர்மிட் இல்லாமல் வைத்தது, ஊரில் எல்லோரையும் போல. பெயர் எழுதவில்லை. ஆனால் புகார்ப் படிவத்தில் ஒரு கட்டம் விடாமல், நகராட்சிப் பிரிவு எண் உட்படச் சரியாக நிரப்பியிருந்தேன். இந்த ஊரில் அதை நிரப்பத் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்று டெல்மருக்குத் தோன்றியிருக்கிறது. ஆனால் அது ஹீட்டரைப் பயன்படுத்தக் கூடாது என்று சிவப்பு அட்டை கட்டி, எரிவாயுக் குழாயை மூடிவிட்டு வந்த பிறகுதான். இப்போது அந்த வீட்டிலும் வெந்நீர் இல்லை. அந்த ஹீட்டருக்குப் பர்மிட் கேட்டு வெண்டல் திரும்பக் கவுண்டருக்கு வருவார் என்று எதிர்பார்த்தேன். வீட்டுக்குச் சொந்தக்காரிதான் கையெழுத்துப் போட வேண்டும் என்ற விதி எனக்கே மறந்துபோனது. இவோன்தான் வருகிறாள். அவளுக்குக் கதை சொல்லத் தெரியாது.

ஒரு காபி குடிக்க வாருங்கள் என்று அவரைக் கூப்பிட்டிருந்தால் போதாதா என்று கேட்கிறீர்கள். இல்லை ஐயா. ஒரு மனிதரை அப்படியெல்லாம் தொந்தரவு செய்வது என் சுபாவம் இல்லை.